அந்தக் குழந்தைகள் என்ன சொன்னார்கள்?

கிறிஸ்தவத் தன்னார்வக் குழு ஒன்று காதுகேளாத பிள்ளைகளின் பள்ளிக்கு ஒரு வாரம், பத்து நாள் என்று போய்வந்து எழுதும் அனுபவக் குறிப்பை இன்று தனி இலக்கிய வகை என்றே சொல்லிவிடலாம். சபைகளின் செய்தி மடல்களில் வருகிறது, மாணவர் இயக்கப் பத்திரிகைகளில் வருகிறது, நன்கொடையாளர்களுக்குப் போகும் கடிதங்களில் வருகிறது. பெரும்பாலும் ஓர் அமெரிக்கப் புறநகர்ச் சபையிலிருந்து ஜமைக்காவுக்கோ கென்யாவுக்கோ போயிருப்பார்கள். நான் இவற்றைப் பயண இலக்கியத்தின் ஒரு கிளையாகக் கொஞ்ச காலமாக வாசித்துவருகிறேன்.

ஐந்தாறு வாசித்தாலே அமைப்பு பிடிபட்டுவிடும். விமான நிலையத்தில் ஒரே நிற டி-ஷர்ட்டில் எடுத்த குழுப்படம். குண்டும் குழியுமான சாலை. பள்ளியின் கேட் திறந்ததும் ஓடிவந்து கட்டிக்கொள்ளும் பிள்ளைகள். முதல் நாள் சுவருக்குப் பெயின்ட். இரண்டாம் நாள் வசனமில்லாத பைபிள் நாடகம். மூன்றாம் நாள் ஃபுட்பால். கடைசி நாள் கண்ணீர். முடிவில், கொடுக்கத்தான் போனோம், ஆனால் பெற்றுக்கொண்டு வந்தவர்கள் நாங்கள்தான் என்று ஒரு சாட்சி. நாட்டின் பெயர், நாட்களின் எண்ணிக்கை, பெயின்ட்டின் நிறம் ஆகிய மூன்றையும் மாற்றிப்போட்டால் அடுத்த குறிப்பு தயார். புரோகிராமருக்கு இதைப் பார்த்ததும் கை பரபரக்கும்.

டெம்ப்ளேட் என்பதாலேயே ஒன்று மட்டமாகிவிடாது. தூதும் உலாவும் பரணியும் டெம்ப்ளேட்கள்தான். நம் ஆற்றுப்படையை எடுத்துக்கொள்ளுங்கள். வள்ளல் ஒருவனிடம் பரிசு பெற்ற பாணனோ பொருநனோ வழியில் எதிர்ப்படும் இன்னொரு வறிய கலைஞனிடம், இந்த வழியாகப் போ, இன்னது கிடைக்கும் என்று சொல்லி அனுப்புவான். மிஷன் பயணக் குறிப்பும் ஒருவகை ஆற்றுப்படையே. அடுத்த ஆண்டு போகவேண்டிய குழுவுக்கும் அடுத்த செக்கில் கையெழுத்துப் போடவேண்டியவருக்கும் வழிகாட்டுவதுதான் அதன் வேலை. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஆற்றுப்படையில் பேசுகிறவன் பெற்றுக்கொண்டவன். தன் பசியையும் கந்தலையும், பிறகு கிடைத்த விருந்தையும் அவனே வாய்திறந்து சொல்கிறான். மிஷன் குறிப்பில் பேசுகிறவர் கொடுக்கப் போனவர். பெற்றுக்கொண்ட பிள்ளை பேசுவதே இல்லை.

இது மிகையில்லை. இந்தக் குறிப்புகளில் பிள்ளைகளுக்குத் தரப்படும் வினைச்சொற்களை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். சிரித்தார்கள், கட்டிக்கொண்டார்கள், கைதட்டினார்கள், கண்கலங்கினார்கள். சொன்னார்கள், கேட்டார்கள், மறுத்தார்கள், கிண்டலடித்தார்கள் ஆகியவை அபூர்வம். இதே ஆட்கள் காதுகேட்கும் பிள்ளைகளின் அநாதை இல்லத்துக்குப் போய்வந்து எழுதினால் ஒரு பையனாவது ஒரு வரியாவது பேசுவான், மொழிபெயர்ப்பாளர் மூலமாக. இங்கே அந்த ஒரு வரிகூட இல்லை. காரணம் எளிது. போனவர்களில் யாருக்கும் சைகை மொழி தெரியாது. பேச்சு இல்லாத இடத்தை நிரப்ப ஒரு வாக்கியம் வரும்: அன்புக்கு மொழி தேவையில்லை என்று. கேட்க இனிமையான வாக்கியம். ஆனால் மொழி தேவையில்லை என்று சொல்வது யார்? அது ஏற்கெனவே கைவசம் இருக்கிறவர். ஒன்பது வயதில்தான் முதல்முறையாக ஒரு மொழியைச் சந்திக்கும் பிள்ளையிடம் இதைச் சொல்லிப்பாருங்கள்.

அப்படிப்பட்ட பிள்ளைகள் நிறையவே இருக்கிறார்கள். காதுகேளாத குழந்தைகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் காதுகேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். வீட்டில் அம்மா பேசுவது எட்டாது. அம்மாவுக்குச் சைகை மொழி தெரியாது. பசி, தண்ணீர், வா, போ என்று வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் சில கையசைவுகளோடு அந்தக் குழந்தை வளரும். நேற்று நடந்ததைச் சொல்லவோ நாளைக்கு என்ன ஆகும் என்று கேட்கவோ அது போதாது. பள்ளி என்ற கட்டடத்தின் முக்கியத்துவம் இங்கேதான் இருக்கிறது. அங்கே, குறிப்பாக விடுதியில், மூத்த பிள்ளைகளின் கைகளிலிருந்து சின்னவர்கள் மொழியை எடுத்துக்கொள்கிறார்கள். கணக்கும் வரலாறும் அதற்கப்புறம்தான். ஆக, அந்தப் பள்ளியின் ஒரு வாரம் என்பது விலையுள்ள பொருள். விருந்தாளிகளுக்காக வகுப்பை நிறுத்தி வரிசையில் நிற்கவைத்து, வந்தவர்களுடைய பாட்டுக்குக் கையாட்டக் கற்றுக்கொடுக்கும்போது செலவாவது அந்த வாரம்தான். குறிப்பில் இந்தச் செலவுக்குக் கணக்கு கிடையாது.

வெளியிலிருந்து ஓர் அளவுகோலைக் கொண்டுவந்து வைத்து அளக்கிறேன் என்று தோன்றலாம். சரி, அவர்கள் கையிலிருக்கும் புத்தகத்தையே எடுத்துக்கொள்வோம். மாற்கு எழுதின சுவிசேஷத்தின் 7ஆம் அதிகாரத்தில், காதுகேளாத, பேச்சுத் திக்கும் ஒருவனை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். இந்தச் சம்பவத்தைச் சுகமளிக்கும் அற்புதமாகவே எல்லோரும் படிக்கிறோம். காதுகேளாதவர்கள் பலருக்கு இதில் சங்கடம் உண்டு. நாங்கள் சரிசெய்யப்படவேண்டிய பழுதா என்று கேட்பார்கள், நியாயமான கேள்வி. ஆனால் அற்புதத்துக்கு முன்னும் பின்னும் நடப்பதைக் கவனியுங்கள். முதலில் இயேசு அவனைக் கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துப்போகிறார். பிறகு விரல்களை அவன் காதுகளில் வைக்கிறார், அவன் நாவைத் தொடுகிறார், வானத்தை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். எல்லாமே கண்ணால் பார்த்தும் தொட்டும் புரிந்துகொள்ளக்கூடியவை. எப்பத்தா என்ற சொல் அதற்குப் பிறகே வருகிறது. அவனுக்குக் கேட்காத வார்த்தைக்கு முன்னால் அவனுக்குப் புரிகிற செய்கை. கடைசியில், இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்கிறார். கூட்டமோ அவர் தடுக்கத் தடுக்க அதிகமாகச் சொல்லித் திரிகிறது.

மிஷன் பயணக் குறிப்பு அந்தக் கூட்டத்தின் வாரிசு. தனியே அழைத்துப்போவதற்குப் பதில் கூட்டத்தோடு படமெடுக்கிறது. சொல்லாதீர்கள் என்பதற்கு நேரெதிராக, சொல்வதற்காகவே போகிறது. காதுகேளாதவன் அந்த நேரத்தில் என்ன நினைத்தான் என்பது மாற்குவிலும் இல்லை, இதிலும் இல்லை.

இதை வைத்து, மதம் வந்தாலே இப்படித்தான் என்று முடித்துவிட்டால் வரலாறு இடிக்கும். 1760 வாக்கில் பாரிஸில் அபே தெ லெப்பே என்ற பாதிரியார் காதுகேளாத இரண்டு சகோதரிகளைச் சந்தித்தார். மறைக்கல்வி இல்லாமல் இந்தப் பெண்களின் ஆத்துமா என்னாகும் என்பதுதான் அவர் கவலை. அந்தக் கவலையே பாரிஸின் காதுகேளாதவர்களிடம் ஏற்கெனவே இருந்த சைகைகளைக் கற்றுக்கொள்ளும்படி அவரைத் தள்ளியது. அவர் பள்ளிதான் உலகக் காதுகேளாதோர் கல்வியின் ஊற்றுகளில் ஒன்று. அதே லெப்பே தன் மாணவர்களை வைத்துப் பொதுமக்கள் முன்னிலையில் செயல்விளக்கங்களும் நடத்தினார், பிரபுக்கள் வந்து பார்த்து வியந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். விருந்தாளிக் காட்சிக்கு வயது இருநூற்றைம்பது. அமெரிக்கப் போதகர் தாமஸ் கல்லாடெட் 1816இல் பாரிஸிலிருந்து லோரான் கிளேர் என்ற காதுகேளாத ஆசிரியரைக் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். வழிநெடுக கிளேர் அவருக்குச் சைகை மொழி கற்றுக்கொடுத்தார், அவர் கிளேருக்கு ஆங்கிலம். 1817இல் ஹார்ட்ஃபோர்டில் பள்ளி தொடங்கியது. நம்மூரில் பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் சுவைன்சன் என்ற மிஷனரிப் பெண்மணி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆரம்பித்த பள்ளி இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது.

மறுபக்கமும் இருக்கிறது. 1880 மிலான் மாநாட்டில், காதுகேளாத பிள்ளைகளுக்குச் சைகையைவிட உதட்டசைவும் வாய்ப்பேச்சுமே மேல் என்று தீர்மானம் போட்டார்கள். வாக்களித்தவர்கள் ஏறத்தாழ எல்லோரும் காதுகேட்பவர்கள். தலைமை வகித்த ஜூலியோ தர்ராவும் ஒரு பாதிரியார்தான். அதன் பிறகு பல நாடுகளில் வகுப்பறையிலிருந்து சைகை விரட்டப்பட்டது. விடுதிகளில் பிள்ளைகள் அதைக் காப்பாற்றிவைத்தார்கள். அந்த மாநாட்டுத் தொடரின் வாரிசு 2010இல் வான்கூவரில் கூடியபோதுதான் முறையாக வருத்தம் தெரிவித்தது. லெப்பேயையும் தர்ராவையும் பிரிப்பது விசுவாசமில்லை. ஒருவர் அந்தப் பிள்ளைகளின் கைகளைப் பார்த்தார், இன்னொருவர் அவற்றைக் கட்டச் சொன்னார்.

சுவிசேஷமும் காதுகேளாதோர் பள்ளியும் என்று வரும்போது கட்டாயம் பேசவேண்டிய பெயர் ஆண்ட்ரூ ஃபாஸ்டர். 1925இல் அலபாமாவில் பிறந்த கறுப்பினத்தவர். 11 வயதில் மூளைக்காய்ச்சலால் கேட்கும் திறனை இழந்தார். காதுகேளாதோருக்கான கல்லாடெட் கல்லூரியில் 1954இல் பட்டம் வாங்கினார், அங்கே பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான். 1956இல் சொந்தமாக ஒரு மிஷனைத் தொடங்கி, 1957இல், கானா சுதந்திரம் அடைந்த அதே ஆண்டில், ஆக்ராவில் போய் இறங்கினார். அந்த நாட்டில் அதுவரை காதுகேளாதோருக்கென்று ஒரு பள்ளி கிடையாது. ஒரு பொதுப்பள்ளியிடம் கேட்டு, அவர்கள் வகுப்பு முடிந்தபின் அதே அறைகளில் பாடம் நடத்தினார். 1987இல் ருவாண்டாவில் விமான விபத்தில் இறப்பதற்குள் பதின்மூன்று ஆப்பிரிக்க நாடுகளில் முப்பதுக்கு மேற்பட்ட பள்ளிகள் உருவாக அவர் காரணமாக இருந்தார். அவரும் அமெரிக்காவில் சபை சபையாகப் போய்ப் பேசிப் பணம் திரட்டியவர்தான். ஆனால் அவர் வகுப்பறைக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் முதன்முதலாக ஒரு காரியத்தைப் பார்த்தார்கள்: காதுகேளாத ஒரு பெரியவர், அவரும் ஆசிரியர். எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் சுவர் அதைச் சொல்லாது.

ஃபாஸ்டரோடு கட்டுரையை முடித்துக்கொண்டால் வசதியாக இருக்கும். ஆனால் அதே கானாவில் அடமொரோபே என்று ஒரு கிராமம் இருக்கிறது. பரம்பரையாக அங்கே காதுகேளாதவர்கள் அதிகம். அதனால் அந்த ஊருக்கென்றே தலைமுறை தலைமுறையாக ஒரு சைகை மொழி இருந்தது, காதுகேட்கும் ஊர்க்காரர்களும் அதில் பேசுவார்கள். ஃபாஸ்டர் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனது அமெரிக்கச் சைகை மொழி. அதிலிருந்து வளர்ந்த கானா சைகை மொழியைத்தான் அடமொரோபே பிள்ளைகள் மாம்பொங் உறைவிடப் பள்ளியில் கற்றுக்கொண்டார்கள். விளைவு, ஊர் மொழி இன்று அழியும் அபாயத்திலுள்ள மொழிகளில் ஒன்று. கொடுக்க வந்தவர் காதுகேளாதவராக, முப்பது வருடம் உழைத்தவராக இருந்தாலும்கூட கொடையோடு ஓர் இழப்பும் சேர்ந்தே வருகிறது. அப்படியிருக்க, ஒரு வாரத்துக்கு வந்துபோகிறவர் தன் வருகையால் ஆசீர்வாதம் மட்டுமே விளைந்தது என்று எழுதும்போது எப்படி நம்புவது?

இதே அடமொரோபேயைப் பற்றி அனலீஸ் கஸ்டர்ஸ் என்ற பெல்ஜிய மானுடவியலாளர் 2015இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அவரும் காதுகேளாதவர், அவரும் வெளியூர்க்காரர், வெள்ளைக்காரர். ஆனால் அங்கே தங்கி, ஊர்ச் சைகை மொழியைக் கற்றுக்கொண்டு, ஊராருடைய பேச்சை ஆதாரமாக வைத்து எழுதினார். வெளியாள் எழுதவே கூடாது என்று நான் வாதிடவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். வெளியாள் முதலில் மாணவராக வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு எதிர்வாதம் பாக்கி இருக்கிறது. இந்தக் குறிப்புகளால்தான் பணம் வருகிறது, அந்தப் பணத்தில்தான் விடுதியில் சாப்பாடு நடக்கிறது, நீ விமர்சனம் எழுதுவாய், அரிசி வாங்கித் தருவாயா? கனமான வாதம். பல நாடுகளில் அரசு கைவிட்ட இடத்தில்தான் இந்தப் பள்ளிகள் நிற்கின்றன. ஆனால் பணம் வருவதற்குப் பிள்ளை ஊமைப்படமாக இருந்தே தீரவேண்டும் என்று யார் சொன்னது? பிள்ளை பேசினால் கொடுப்பவர் கையை இறுக்கிக்கொள்வார் என்றால், அவர் கொடுத்தது பிள்ளைக்கா, படத்துக்கா? பயணச் செலவில் ஒரு பங்கை அங்கேயே ஒரு காதுகேளாத ஆசிரியருக்குச் சம்பளமாகப் போட்டால் எத்தனை மாதம் தாங்கும் என்று சபைக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்கலாம். இது விசுவாசத்துக்கு விரோதமான கேள்வி கிடையாது.

சபைகளை மட்டும் சொல்வதும் தகாது. 2013 கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிடவேண்டும். அதன் பிறகு எங்கள் ஐ.டி. துறையில் இதே வகைக் குறிப்பு, கடவுளை மட்டும் எடுத்துவிட்டு, லிங்க்ட்இன்னில் செழிக்கிறது. அதே டி-ஷர்ட், அதே சுவர், அதே கடைசி வரி. வேடிக்கை என்னவென்றால், ஒரு புராஜெக்ட்டைக் கைமாற்ற மாதக்கணக்கில் கேடி எடுப்பவர்கள் நாங்கள். மனிதக் குழந்தைக்கு ஒரு சனிக்கிழமை போதும் என்று நினைக்கிறோம்.

இனி இப்படி ஒரு குறிப்பு உங்கள் கண்ணில் பட்டால் ஓர் இடத்தை மட்டும் கவனித்து வாசியுங்கள். காதுகேளாதவர்களிடையே பல ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வந்தவருக்கு ஒரு சைகைப் பெயர் வைப்பார்கள். பெரும்பாலும் பார்த்தவுடன் தெரிகிற ஏதோ ஒன்றிலிருந்து வரும்: கன்னத்து மச்சம், மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிடும் பழக்கம், ஓயாமல் போனை எடுத்துப் பார்ப்பது. எனக்கும் ஒரு பெயர் வைத்தார்கள் என்று குறிப்பெழுதுகிறவர் பூரித்துப்போய் எழுதியிருக்கலாம். அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்றும் எழுதியிருக்கிறாரா பாருங்கள். எழுதியிருந்தால், அவர் ஒரு பிள்ளையிடமாவது உட்கார்ந்து கேட்டிருக்கிறார் என்று பொருள்.