ஒளித்த கத்தியும் மூடிய விழிகளும்

ஓவியங்களைப் பற்றி எழுதுவோர் வண்ணத்தை அலங்காரம் என்றும் உணர்ச்சியைக் கருப்பொருள் என்றும் தனித்தனியே பிரித்துப் பேசுவதைப் பரவலாகக் காண்கிறோம். வண்ணமே உணர்ச்சியாகிவிடும் இடத்தில் இந்தப் பிரிவினை பயன்படுவதில்லை. சமகால ஜப்பானிய ஓவியர் யோஷிதோமோ நாராவின் படைப்புகள் அதற்குத் தக்க சான்று. பெரிய தலை, சிறிய உடல், பார்ப்பவரைச் சினந்து நோக்கும் அகன்ற கண்கள் கொண்ட இவரது சிறுமியை ஒருமுறை கண்டவர் எளிதில் மறப்பதில்லை. அவள் கலைக்கூடங்களில் மட்டும் இருப்பவளும் அல்லள்; பனியன்களிலும் பொம்மைகளிலுமாக உலகெங்கும் விற்பனையாகிறாள். இவ்வளவு எளிதாக விற்கப்படும் ஓர் உருவத்தில் மெய்யான துயரத்துக்கு இடமுண்டா? இதுவே நாம் இங்கு எடுத்துக்கொண்ட வினா.

நாரா 1959-இல் ஜப்பானின் பெருந்தீவான ஹொன்ஷுவின் வடகோடியில், அவோமோரி மாநிலத்து ஹிரோசாகி நகரில் பிறந்தார். நீண்ட பனிக்காலம் உள்ள பகுதி அது. பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்ல, மூன்று சகோதரர்களில் இளையவரான அவர் பெரும்பாலும் தனிமையிலேயே வளர்ந்தார். அமெரிக்கப் படைத்தளத்தினருக்கான வானொலி ஒலிபரப்பு அவருக்குத் துணையாயிற்று. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். பாடல்களின் மொழி அச்சிறுவனுக்குத் தெரியாது. குரலில் இருந்த கோபமும் ஏக்கமும் தெரிந்தன. இசைத்தட்டுகளின் உறைப் படங்களே அவர் கண்ட முதல் ஓவியக்கூடம் எனலாம். பின்னர் ஐச்சி மாநிலக் கலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1988-இல் ஜெர்மனியின் டியூசல்டார்ஃப் கலைக்கழகத்தில் சேர்ந்து, ஏ. ஆர். பெங்க் என்னும் ஓவியரிடம் பாடம் கேட்டார். 2000-இல் தாயகம் திரும்பும்வரை அந்நாட்டிலேயே வாழ்ந்தார். அங்கும் மொழி அவருக்கு ஒரு சுவராகவே நின்றது; சிறுவயதுத் தனிமை மீண்டும் வந்து சேர்ந்தது. சொல்லின் துணையின்றி உணர்ச்சியை மட்டும் கேட்கவும் காட்டவும் பழகிய ஒருவர் என்பதை நினைவிற்கொண்டால் அவரது ஓவியங்கள் நமக்கு எளிதில் வசப்படும்.

இரண்டு ஓவியங்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். 1991-இல் வரைந்த 'கையில் கத்தியுடன் சிறுமி' என்னும் ஓவியத்தில் கத்தி கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அது பொம்மைக் கத்திபோல் மிகச் சிறியது. அவளது பெரிய முகத்துக்கு முன் அது ஓர் ஆயுதமாகவே தோன்றவில்லை. 2000-இல் வரைந்தது 'முதுகுக்குப் பின்னால் கத்தி'. இரண்டு மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுள்ள திரை. சிவப்பு ஆடை அணிந்த சிறுமி நம்மை உறுத்துப் பார்க்கிறாள். ஒரு கை நமக்குத் தெரிகிறது. மற்றொரு கை முதுகுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. கத்தி ஓவியத்தில் எங்கும் இல்லை. தலைப்பில் மட்டுமே உள்ளது.

அரபு அணியிலக்கணத்தில் 'ஹத்ஃப்' என்று ஒன்று உண்டு. சொல்ல வேண்டியதைச் சொல்லாது விடுதல் என்பது அதன் பொருள். 11ஆம் நூற்றாண்டின் அறிஞர் அப்துல் காஹிர் அல்-ஜுர்ஜானி, சில இடங்களில் சொல்லை விட்டுவிடுவதே வாக்கியத்துக்கு அதிக வலிமை தரும் என்பதை விரிவாக விளக்கியவர். விடுபட்ட சொல்லைக் கேட்பவனே தன் உள்ளத்தில் தேடி நிரப்புகிறான். தானே தேடிக்கொண்டதால் அது அவனுள் ஆழமாகப் பதிகிறது. இவ்வளவுகோல் சொற்களுக்காக ஏற்பட்டதே எனினும், நாராவின் இவ்விரு ஓவியங்களுக்கும் இடையிலான வளர்ச்சியை அளக்க இதைவிடப் பொருத்தமான ஒன்று நமக்குத் தோன்றவில்லை. தெரிந்த கத்தி நம்மைப் புன்னகைக்க வைத்தது. தெரியாத கத்தி நம்மை நிற்க வைக்கிறது. அந்தச் சிறு கைக்குள் கத்தியை வைப்பது இப்போது ஓவியர் அல்லர், நாம்தாம்.

இவ்விடத்தில் ஓர் எதிர்வாதத்தையும் நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும். அதே 'முதுகுக்குப் பின்னால் கத்தி' 2019 அக்டோபரில் ஹாங்காங் ஏலத்தில் ஏறத்தாழ 2.5 கோடி அமெரிக்க டாலருக்கு விலைபோனது. பெரியவர்களின் உலகின்மீது ஒரு குழந்தை கொண்ட கோபம் செல்வந்தர் ஒருவரின் உடைமையாகிவிட்டபின் அது எவ்வாறு கோபமாக நீடிக்கும் என்று வினவுவோர் உளர். ஜப்பானியர் 'கவாயி' என்றழைக்கும் அழகுக் குழைவின் மற்றொரு வணிக வடிவமே இது என்றும் சிலர் ஒதுக்குவர். இவ்வாதத்தை நாம் முற்றாகத் தள்ளிவிடுவதற்கில்லை. ஆயினும் இன்னொரு செய்தியையும் உடன் வைத்து நோக்க வேண்டும். 1998-இல் நாரா வரைந்த அணுசக்தி எதிர்ப்புச் சிறுமியின் படத்தை 2012-இல் டோக்கியோ தெருக்களில் போராடியவர்கள் அவரது இசைவுடன் பதாகையாக ஏந்திச் சென்றனர். ஒரே சிறுமி ஏல அரங்கிலும் நிற்கிறாள், வீதியிலும் நடக்கிறாள். விலை அவளை முழுவதுமாக விழுங்கிவிடவில்லை என்பதற்கு இது சான்று.

அந்தப் போராட்டங்களுக்குக் காரணமான நிகழ்வே அவரது கலையின் திருப்புமுனையும் ஆயிற்று. 2011 மார்ச் 11-இல் வடகிழக்கு ஜப்பானைத் தாக்கிய நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும், இறந்தோரும் காணாமற்போனோருமாக 18,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்றன. ஃபுகுஷிமா அணுமின் நிலையம் சிதைந்தது. அம்மாநிலத்தை ஒட்டிய தோச்சிகியில்தான் நாராவின் பணிக்கூடம். பிறந்த மண்ணும் வாழும் இடமுமாகிய வடபுலம் சிதைந்து கிடக்க, அவரால் தூரிகையைத் தொட இயலவில்லை. தாம் பயின்ற ஐச்சிப் பல்கலைக்கழகத்துக்கே சென்று களிமண்ணைப் பிசையத் தொடங்கினார். கருவிகளை விலக்கி, கைகளாலேயே பெருந்தலைகளை வனைந்தார். வெண்கலத்தில் வார்க்கப்பட்ட அத்தலைகளின் மேற்பரப்பில் விரல்கள் அழுத்திய தடங்கள் அப்படியே உள்ளன. அவை 2012-இல் யோகோஹாமா கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தன.

மண்ணிலிருந்து மீண்டும் திரைக்கு வந்த ஓவியர் பழைய நாரா அல்லர். முன்பு கறுத்த எல்லைக்கோடும் ஒரே சீரான வண்ணப்பரப்பும் இருந்தன. 2012-இன் 'செல்வி வசந்தம்' ஓவியத்திலும், 2017-இன் 'நள்ளிரவின் உண்மை' ஓவியத்திலும் கோடு கரைந்துபோய், மெல்லிய வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன. கன்னத்தின் இளஞ்சிவப்புக்கு அடியில் பச்சை தெரிகிறது. மயிரின் பழுப்பு நிறத்துக்குள் நீலமும் மஞ்சளும் கலந்து கிடக்கின்றன. கண்களில் நீர் தேங்கி நிற்பதுபோல் பல நிறங்கள் மின்னுகின்றன, ஆனால் ஒரு துளியும் கன்னத்தில் இறங்குவதில்லை. சினம் அடங்கிவிட்டது என்று இதனைச் சொல்வதைவிட, சினத்தின் அடியில் இருந்த துயரம் மேலே வந்துவிட்டது என்று சொல்வதே பொருந்தும். 2020-இன் 'செல்வி நிலவொளி' ஓவியத்தில் அந்த விழிகளும் மூடிக்கொள்கின்றன. முப்பதாண்டுக் காலம் கண்களையே தம் கலையின் உயிராகக் கொண்டிருந்தவர் கண்களை மூடிக் காட்டுகிறார். முதலில் கத்தியை விட்டார், பின்னர் கோட்டை விட்டார், இப்போது பார்வையையும் விட்டார். ஹத்ஃபின் உச்சம் இதுவென்றே நாம் கருதுகிறோம்.

பிற்காலப் படைப்புகள் அனைத்தும் இத்தரத்தன என்று கூற முடியாது. ஒன்றுபோல் மற்றொன்றாக அமையும் முன்னோக்கிய முகங்கள் சில, துயரத்தை வெறும் இனிமையாக்கி விடுகின்றன. மின்னும் கண்ணே ஒரு வாய்பாடாகிவிடும் ஆபத்து அவருக்கு உண்டு. பார்ப்பவன் நிரப்ப வேண்டிய வெற்றிடத்தை ஓவியரே அழகால் நிரப்பிவிடும்போது அப்படம் தளர்ந்துவிடுகிறது.

எனினும் நாராவை நாம் கற்க வேண்டியதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. அவர் 2002-இல் ஆப்கானிஸ்தானுக்குப் பயணம் சென்று புகைப்படங்கள் எடுத்தவர். காபூல், அலெப்போ, காஸா எனப் போர் தின்ற நகரங்களின் குழந்தைகளை நாம் நாளிதழ்ப் படங்களில் காண்கிறோம். அப்படங்களில் குழந்தை பெரும்பாலும் இரக்கத்துக்குரிய பொருளாகவே நிறுத்தப்படுகிறது. பார்க்கும் உரிமை நம்முடையதாகவும், பார்க்கப்படும் கதி அதனுடையதாகவும் உள்ளது. நாராவின் சிறுமிக்குப் பின்னால் வீடில்லை, தெருவில்லை, ஊரில்லை. ஓவியர் அவற்றையும் விட்டுவிட்டார். அதனாலேயே அவள் எந்த ஊருக்கும் உரியவளாகிறாள். அவள் நம்மிடம் இரக்கம் கேட்பதில்லை. நம்மைப் பார்க்கிறாள், எடைபோடுகிறாள், பின்னர் கண்களை மூடிக்கொள்கிறாள். பெரியவர்கள் ஆக்கியும் அழித்தும் வைத்திருக்கும் இவ்வுலகைப் பற்றி ஒரு குழந்தை தரக்கூடிய தீர்ப்பு அதுவாக இருக்கலாம். அத்தீர்ப்பை ஒரு சொல்லுமின்றி, வண்ணத்தால் மட்டும் கேட்கச் செய்ததே நாராவின் சாதனை.