நீர் வார்த்தவர் யார்?

யாழ்ப்பாணத்தில் ஆசிரியர் ஒருவர் ஓய்வுபெறின் சேவைநயப்பு மலர் வெளிவரும். மறைந்தால் நினைவு மலர் வெளிவரும். இம்மலர்களைத் தொடர்ந்து படித்துவரும் நமக்கு ஓர் உண்மை புலனாகிறது. இவற்றில் நன்றி ஒரு திசையிலேயே செல்கிறது: மாணவரிடமிருந்து ஆசிரியருக்கு. ஆசிரியர் யாருக்குக் கடன்பட்டவர் என்ற வினா எழுவது அரிது. எழுந்தாலும் இறைவனுக்கும் பெற்றோருக்கும் அதிபருக்கும் கூறும் உபசார வார்த்தையோடு முடிந்துவிடுகிறது. இக்குறைக்கு நமது கல்வி மரபிலேயே வேர் உண்டு.

நன்னூற் பாயிரத்தை எடுத்துக்கொள்வோம். பவணந்தியார் இயற்றிய இந்நூல், ஆறுமுக நாவலரின் காண்டிகையுரையோடு இம்மண்ணின் தமிழ்க் கல்வியில் தலைமுறை தலைமுறையாக நிலைபெற்றது. நல்லாசிரியருக்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமை கூறும் அந்நூல், ஆசிரியராகத் தகாதவருக்குக் கூறும் உவமைகளில் ஒன்று முடத்தெங்கு. ஒருவர் வளவில் நின்று நீருண்டு, வளைந்து சென்று அயலார் வளவிற் காயுதிர்க்கும் தென்னை அது. தமக்கு உதவி வழிபட்டவரை விடுத்துப் பிறருக்குக் கற்பிப்பவர் அத்தகையோர் என்பது நூலின் கருத்து.

உவமை மிகச் சிறந்ததே. ஆயினும், நீர் வார்த்தவராக நூல் கண்டது வழிபட்ட மாணாக்கனை மட்டுமே. ஆசிரியர் இலக்கணத்திற் குலத்தை முதலில் வைத்த அந்நூலுக்குத் துலா மிதித்தவனும் பனையேறிச் சீவியவனும் கண்ணிற் படவில்லை. யாழ்ப்பாணச் சமூகத்துக்கும் படவில்லை. 1930ஆம் ஆண்டளவில், அரசின் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சகல சாதிப் பிள்ளைகளும் சமமாக அமரவேண்டும் என்ற விதி வந்தபோது, சில பாடசாலைகள் தீக்கிரையாயின. எவர் உழைப்பில் ஊர் வாழ்ந்ததோ அவர் பிள்ளைக்கு வாங்கில் இடம் கொடுக்க மனம் வரவில்லை.

1945இல் இலவசக் கல்வி வந்தது. அதன்பின் ஆசிரியர் தாம் கற்ற கல்வியும் பெறும் சம்பளமும் பொதுப்பணத்திலிருந்தே வருகின்றன. அப்பணம் உழைப்பாளர் ஈட்டியது. எனவே இன்றைய ஆசிரியருக்கு நீர் வார்த்தவர் யார் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

இடர்க்காலம் இதனை மேலும் தெளிவாக்கிற்று. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் அருமையாயிற்று. ஜாம் போத்தலில் ஏற்றிய சிறு திரியின் ஒளியிற் பிள்ளைகள் படித்தனர். செய்தித்தாளே கோடிட்ட கொப்பித் தாளில் அச்சான காலம் அது. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் பெயர்ந்தனர். அதன் பின்னரும் கற்பித்தல் அற்றுப்போகவில்லை. இதனை ஆசிரியரின் தியாகம் என மலர்கள் எழுதுகின்றன. தியாகந்தான். ஆனால் அந்த விளக்குக்கு எண்ணெய் மிச்சம் பிடித்தவள் ஒரு தாய். அடுத்த வேளை உணவுக்கு வழியற்ற நிலையிலும் பிள்ளையைக் கூலிக்கு அனுப்பாமல் வகுப்புக்கு அனுப்பியவர் ஒரு தந்தை. அவர்கள் இன்றி வகுப்பு ஏது? அவர்கள் பெயரை எந்த மலரிற் காண்கிறோம்?

நன்றியைப் பணிவென்று மயங்குவோரும் உளர். 2021 யூலையில் சம்பள முரண்பாட்டை நீக்கக் கோரி நாடெங்கும் ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினர். உரிமை கேட்பது நன்றிகேடாகாது. அரை வயிற்றோடு இருப்பவரிடம் நன்றியுணர்வை உபதேசிப்பது வஞ்சகம்.

நன்றிகேடு வேறோர் இடத்தில் இருக்கிறது. பொதுப்பணத்திற் சம்பளம் பெற்று, வகுப்பறையிற் பாதிப் பாடத்தை நடத்தி, மறுபாதியை மாலையில் ரியூட்டரியிற் பணம் கட்டுவோருக்கு ஒதுக்கிவைப்பவர் எவரோ, அவரே இக்காலத்து முடத்தெங்கு. பவணந்தியார் உவமை இவருக்கு அச்சொட்டாகப் பொருந்தும்.

ஆசிரியரின் நன்றி சொல்லில் முடிவதில்லை. கட்டணம் கட்ட இயலாத பிள்ளைக்கும் முழுப் பாடமும் சென்று சேரும் இடத்திலேதான் அக்கடன் தீர்கிறது. இனி வரும் மலர்களில் ஆசிரியரே எழுதும் ஒரு பக்கமாவது இடம்பெறட்டும்; தமக்கு நீர் வார்த்தவர் யார் என்பதை அவர் அதில் எழுதட்டும்.