மணிபல்லவத்தில் இறங்கியவன்: சாத்தனாரின் தீவுச் செலவுகள்

தமிழர் கடலோடிய பெருமையை எடுத்துரைக்கும் கட்டுரைகள் பல. அவற்றுள் மணிமேகலையைச் சான்று காட்டாதது ஒன்றேனும் உண்டோ என ஐயுற வேண்டியுள்ளது. புகாரினின்று மணிபல்லவம், மணிபல்லவத்திற்கு அப்பால் சாவகம், வேறொரு திசையில் நக்கசாரணர் வாழும் நாகமலை என இக்காப்பியம் நம்மைத் தீவுக்குத் தீவு இட்டுச் செல்வது உண்மையே. ஆயின், உ. வே. சாமிநாதையர் இந்நூலை 1898-இல் பதிப்பித்த நாள் தொட்டு, அத்தீவுகள் இன்றைய நிலப்படத்தில் எங்கே உள்ளன என்னும் தேட்டமே ஆய்வாளர் கருத்தைப் பெரிதும் கவர்ந்துள்ளது. மணிபல்லவம் யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவே என்பாரும், அதனை மறுப்பாரும், நாகமலையை நிக்கோபாரில் காண்பாரும் எனப் பல திறத்தார் உளர். அவர்தம் உழைப்பைக் குறை கூறுதல் என் நோக்கமன்று. காப்பியத்தைக் கப்பல் வழிக் குறிப்பாகவே படித்து முடித்துவிட்டால், புலவன் சொல்ல வந்தது யாது என்று எப்போது கேட்கப் போகிறோம் என்பதே என் வினா.

இவ்வினா என் உள்ளத்தில் எழுந்த இடம் கோவளத்துக் கடற்கரை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆஸ்டெண்டுக் கும்பினியார் வாணிகம் செய்ததும், ஆர்க்காட்டு நவாபு துறைமுகம் அமைத்ததும், 1752-இல் கிளைவின் படை கைப்பற்றியதும் ஆகிய பழங்கதைகள் அவ்வூருக்கு உண்டு. இன்று அங்கே நிற்பார் கண்ணிற் படுவன மீன்பிடி படகுகளே. காலையில் படகுகள் அலையை அறுத்துக்கொண்டு கரையேறும்போது, கரையில் நிற்கும் பெண்டிரும் முதியோரும் என்ன செய்கின்றனர் என்பதைக் கூர்ந்து நோக்கினேன். வலையில் மீன் எவ்வளவு என்று அவர்கள் முதலிற் பார்ப்பதில்லை. படகில் எத்தனை தலைகள் என்று எண்ணுகின்றனர். எண்ணிக்கை சரியான பின்னரே மீன்பேச்சு எழுகிறது. அன்று மாலை மணிமேகலையின் பதினான்காம் காதையை மீண்டும் படித்தபோது, முன்னர்ப் பலகால் படித்தும் கண்ணிற் படாத ஒன்று பட்டது.

அதனைக் கூறுமுன், இக்கரையைப் பாடிய பழம்புலவர் இருவரை நினைத்தல் வேண்டும். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் நீர்ப்பெயற்றுத் துறையையும் அதன் கலங்கரை விளக்கத்தையும் பாடுகிறார். அத்துறையை மாமல்லபுரமாகவோ அதனை அடுத்த ஊராகவோ கொள்வோர் உளர். பின்னாளில் திருமங்கையாழ்வார் கடல்மல்லையில் பொருள் சுமந்து நிற்கும் கலங்களைப் பாடுகிறார். இருவர் பாட்டும் அழகியவை. இருவரும் கலத்தைக் கரையில் நின்றே காண்கின்றனர். கலம் வருகிறது, நிற்கிறது, ஒளிர்கிறது. அதன் உள்ளே இருப்பவன் என்ன கண்டான், எங்கு இறங்கினான், இறங்கியவன் மீண்டும் ஏறினானா என்பன கரையில் நிற்போர் அறியாதவை. அவ்வினாக்களைத் தமிழில் விரிவாகக் கேட்டவர் சாத்தனார் என்றே எண்ணுகிறேன்.

கேட்ட முறையும் வியப்புக்குரியது. காப்பியத் தலைவியாகிய மணிமேகலை மரக்கலத்தில் ஏறுவதேயில்லை. புகாருக்குத் தெற்கே முப்பது யோசனைத் தொலைவிலுள்ள மணிபல்லவத்திற்கு அவளைத் துயிலிடையே எடுத்துச் செல்வது தெய்வம். பின்னர் அவள் மந்திர வலியால் வான்வழிச் செல்கிறாள். இதனைக் காட்டிச் சாத்தனார் கடலை அறியாதவர் என்று கூறுவாரும் உண்டு. நான் அதற்கு உடன்படேன். வான்வழிச் செல்வோர்க்கு இடையூறு இல்லை, துணையும் வேண்டுவதில்லை. பிறரோடு ஒரு கலத்தில் ஏறியவனுக்கே, உடன் வந்தோர் தன்னை நினைப்பரா மறப்பரா என்னும் சிக்கல் எழும். அச்சிக்கலைச் சாத்தனார் தலைவிக்கு வைக்கவில்லை. ஆபுத்திரனுக்கும் சாதுவனுக்கும் வைத்தார்.

சாதுவன் கதை பலரும் அறிந்தது. கணிகையிடத்தும் சூதினும் பொருளிழந்து, வாணிகரோடு கலமேறி, காற்றால் கலம் உடைய, ஒடிந்த மரமொன்றைப் பற்றி நாகர் மலையை அடைகிறான். அவர் மொழியை அறிந்திருந்தமையால் உயிர் பிழைக்கிறான். கலங்கவிழ்ந்து கரையேறுவோரைக் கொல்லற்க என்று அவர்க்கு அறங்கூறி, அவர் கொடுத்த பொருளுடன் சந்திரதத்தன் என்னும் வாணிகனது கலத்தில் ஊர் மீள்கிறான். இக்கதையில் நாம் விரைந்து கடந்துவிடும் இடம் ஒன்றுண்டு. அவன் மனைவி ஆதிரைக்கு அவன் இறந்தான் என்று உரைத்தவர் யார்? அக்கலத்திலிருந்து தப்பி வந்தவர்களே. இருளிற் கலம் உடைந்தது. மாண்டோருள் சாதுவனும் ஒருவன் என்று அவர்கள் கணக்கிட்டனர். அவர்கள் பொய்யர் அல்லர். ஆயினும் கணக்குப் பிழைத்தது. ஆதிரை தீக்குழி புகுந்தாள். தீ சுடாமையும் வானொலி கேட்டதும் ஆகிய அற்புதங்கள் அப்பிழையைத் திருத்தவே வருகின்றன.

இனி ஆபுத்திரனை நோக்குவோம். பாண்டி நாட்டில் மழை பெருகிப் பசி நீங்கியதால் அமுதசுரபியில் உண்பார் எவரும் இலராயினர். அவன் ஊர் ஊராகச் சென்று உண்பாரைத் தேடினான்; கேட்டோர் நகைத்தனர். ஈவோன் இரப்போனைப் போல் அலையும் இந்நிலையினும் இரங்கத்தக்க நிலை இக்காப்பியத்தில் சிலவே. அப்போது கலத்தினின்று இறங்கியோர் சாவக நாட்டில் மழையின்றி உயிர்கள் மடிவதைக் கூற, அவன் வாணிகரொடு கலமேறினான். காற்று மிகுந்தமையால் கலம் பாயை இறக்கி மணிபல்லவத்தில் ஒரு நாள் தங்கியது. அவன் தீவில் இறங்கினான். ஏறிவிட்டான் என்று எண்ணி, இருளில் பாய் விரித்துக் கலம் சென்றுவிட்டது.

இவ்வளவே நிகழ்ச்சி. பகைமை இல்லை, வஞ்சனை இல்லை, கடற்கோளும் இல்லை. தலை எண்ணாமை ஒன்றே. காற்றுத் தணிந்தவுடன் புறப்படும் விரைவில் ஒருவனை விட்டுச் செல்லுதல் கடலோடிகள் வாழ்வில் நிகழக்கூடிய சிறு பிழை. அச்சிறு பிழையின்மேல் சாத்தனார் காப்பியத்தின் பாதியை ஏற்றி வைத்துள்ளார். சாதுவனை உயிரோடிருக்க இறந்தோருள் எண்ணினர். ஆபுத்திரனைக் கரையிலிருக்கக் கலத்திலுள்ளாருள் எண்ணினர். ஒரு காதையே இடைவிட்டு வரும் இவ்விரண்டு பிழைக் கணக்குகளும் தற்செயலாக அமைந்தன என்று என்னால் கொள்ள இயலவில்லை.

தனித்து விடப்பட்ட ஆபுத்திரன், பல்லுயிர் ஓம்பும் கலத்தைக் கொண்டு தன்னுயிர் ஒன்றையே ஓம்புதல் தகாது என்று கருதினான். ஆண்டுக்கொரு முறை வெளிப்படுக என வேண்டி அதனைக் கோமுகிப் பொய்கையில் விடுத்தான். உண்ணாது உயிர் நீத்தான். இதனைத் துறவின் கொடுமுடி என்று உரை கூறுவதே வழக்கம். வகுப்பறையில் நானும் பல்லாண்டு அவ்வாறே கூறிவந்தேன். காப்பியத்தின் இருபத்தைந்தாம் காதை அவ்வுரையை ஏற்கவில்லை என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

ஆபுத்திரன் சாவகத்தில் புண்ணியராசனாக மறுபிறவி எய்தி, முற்பிறப்பை அறியும் பொருட்டுக் கலமேறி அதே தீவை அடைகிறான். இம்முறை கலம் எங்கும் தங்காது செல்கிறது. புன்னை நிழலில் அமர்ந்த அவன்முன் தீவதிலகை தோன்றி, மணலின்கீழ்ப் புதைந்த அவனது பழைய உடம்பின் என்பைக் காட்டுகிறாள். உடன் வேறு சில என்புகளையும் காட்டுகிறாள். அவை ஒன்பது செட்டிகளுடையவை. விட்டுச் சென்றவனைத் தேடி அவர்கள் இத்தீவிற்கு மீண்டு வந்தனர்; அவன் இறந்தமை கண்டு அவ்விடத்தேயிருந்து தாமும் உயிர் நீத்தனர். அவர் இட்ட சோற்றை உண்டு உடன் வந்தோரும் ஏங்கி மாண்டனர். தெய்வம் அரசனைப் புகழவில்லை. நின்னுயிரையும் கொன்றாய், நின்பொருட்டு இரங்கி வந்தோர் உயிரையும் கொன்றாய், நீ கொலைஞன் அல்லையோ என்று வினவுகிறது.

இச்சொல்லை முதன்முறை ஊன்றிப் படித்தபோது எனக்குச் சினமே உண்டாயிற்று. மறந்து சென்றவர் வாணிகர், பழி மறக்கப்பட்டவனுக்கா? ஆயின், அச்சொல் காப்பியத்தின் உள்ளிருந்து எழுவது. ஆபுத்திரன் தீவில் ஒரு கணக்கிட்டான்: ஈண்டு உண்பார் எவரும் இலர், ஆதலின் இக்கலத்திற்கும் எனக்கும் இனிப் பயனில்லை. அக்கணக்கில் அவன் விட்டது ஒன்பதின்மரை. மறந்தவர் நினைவுகூர்வர், நினைந்தவர் மீள்வர் என்று அவன் எண்ணவில்லை. வாணிகர் இல்லாதவனை உளனாக எண்ணினர். அவன் வரக்கூடியவரை இலராக எண்ணினான். கலத்திலிருந்தோர் செய்த பிழையும் கரையில் நின்றவன் செய்த பிழையும் ஒரே இனத்தன. விடப்பட்டவனுக்கும் ஒரு கடன் உண்டு, தன்னைத் தேடி வருவோர் வரும்வரை உயிரோடிருத்தல் என்பதே தீவதிலகையின் கடுஞ்சொல்லில் அடங்கிய கருத்து. தீயொழுக்கத்தால் பொருளிழந்த சாதுவன் மரத்தைப் பற்றிக்கொண்டு பிழைத்தான். அருளாளனாகிய ஆபுத்திரன் கையிலிருந்த அமுதசுரபியையே விட்டான். இவ்விருவரையும் அருகருகே வைத்த புலவரைச் சமயப் பரப்புரையாளர் என்று மட்டும் கூறி ஒதுக்குவது யாங்ஙனம் பொருந்தும்?

இவ்விளக்கத்திற்கு ஒரு தடையும் உண்டு. அதனை மறைத்தல் முறையன்று. ஆபுத்திரன் உண்ணாதிருந்த நாளில் தாம் அவனிடம் சென்று நிகழ்ந்தது யாது என வினவியதாக அறவண அடிகள் கூறுகிறார். அவ்வாறாயின் அவன் முற்றும் தனியனல்லன். ஆறுதல் கூறவோ அழைத்துவரவோ வல்ல சான்றோர் ஒருவர் உடனிருந்தும் அவன் இறந்தான். அடிகள் ஏன் தடுக்கவில்லை என்பதைக் காப்பியம் கூறவில்லை. கதையைக் கண்டாரே கூறுதல் வேண்டும் என்னும் அமைப்பிற்காகச் சாத்தனார் அடிகளை ஆண்டுச் செலுத்தினார் என்று அமைதி காணலாம். எனக்கு அது முழு நிறைவு தரவில்லை. காப்பியத்தின் தையல் தெரியும் இடம் அது.

பிற்காலத்து ஆவணங்களோடு ஒப்பிட்டால் சாத்தனாரின் தனித்தன்மை மேலும் விளங்கும். முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, ஏறத்தாழ 1025-இல் நிகழ்ந்த கடற்படையெடுப்பில் வென்ற சீவிசயம், மாநக்கவாரம், கடாரம் முதலிய ஊர்களையும் தீவுகளையும் அடுக்கிக் கூறுகிறது. சுமத்திராவின் பாரூசில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் வணிகர்க்குக் கலத்தோர் செலுத்த வேண்டியதைக் கூறுகிறது. வென்ற தீவுகளுக்கும் செலுத்திய பொன்னுக்கும் கணக்கு இருக்கிறது. எத்தனை பேர் சென்றனர், எத்தனை பேர் மீண்டனர் என்னும் கணக்கைக் கல்லில் வெட்டுவார் இலர். அது வெற்றிக் கல்லின் வேலையும் அன்று.

என்பைக் கண்டு மயங்கிய புண்ணியராசனை மணிமேகலை தேற்றுகிறாள். அவனைத் துறவு பூணச் சொல்லவில்லை. தன் நாடு மீண்டு உயிர்கட்கு உண்டியும் உடையும் உறையுளும் அளிக்குமாறு கூறிக் கலமேற்றி அனுப்புகிறாள். தானும் வான்வழியே வஞ்சிக்கும், பின்னர்க் காஞ்சிக்கும் செல்கிறாள். காஞ்சியில் அரசன் இளங்கிள்ளி, தெய்வம் கூறியபடி மணிபல்லவத்தை ஒத்த பொய்கையும் பொழிலும் அமைத்து வைத்திருக்கிறான். ஆண்டுத் தீவதிலகைக்கும் மணிமேகலா தெய்வத்திற்கும் கோயில் எடுக்கப்படுகின்றன. கோவளமும் காஞ்சியும் ஒரே தொண்டை நாட்டின. மரக்கலமின்றி எவரும் எய்தலாகாத தீவொன்று இந்நாட்டு நிலத்திற்கு வந்துவிடுகிறது. மணிமேகலை அமுதசுரபியைப் பீடிகையில் வைத்து உயிர்களெல்லாம் வருக என அழைக்கிறாள். வருவோரைப் பொதுமையிற் கூறி அமையாமல், பதினெட்டு மொழி பேசுவோர், கண்ணில்லாதோர், செவி கேளாதோர், கால் முடம்பட்டோர், பேச இயலாதோர், பிணியுற்றோர் எனச் சாத்தனார் ஒவ்வொருவராகப் பெயரிட்டுக் கூறுகிறார். இப்பட்டியலை வறுமைக் காட்சி என்றே உரைகாரர் கடந்து செல்வர். ஒன்பது செட்டிகளின் என்பைக் கண்டு வந்தவர்க்கு இது வேறு வகையாகவும் படும்: இம்முறை எவரையும் எண்ணாது விடவில்லை.