இணைய ஆய்விதழும் மென்பொருள் தேர்வும்: ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

திண்டிவனத்திலிருந்து ஆய்வு செய்பவருக்குச் சென்னைக் கன்னிமாரா நூலகம் ஏறத்தாழ 120 கி.மீ. தொலைவில் உள்ளது. இணைய ஆய்விதழ்களே அவருக்கு அன்றாட நூலகம். ஓர் இதழ் எந்த மென்பொருளில் இயங்குகிறது என்பது தொழில்நுட்பம் அறிந்தோரின் கவலை என்றே பெரும்பாலும் கருதப்படுகிறது. உண்மையில் அத்தேர்வே கட்டுரையின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

மென்பொருள்களின் இயல்பு

வேர்டுபிரஸ் தளத்தை ஒரே நாளில் அமைத்துவிடலாம். ஆனால் மதிப்பாய்வுக்கான நடைமுறை அதில் இயல்பாக இல்லை. ‘சோத்கங்கா’ பயன்படுத்தும் டிஸ்பேஸ், முடிந்த ஆய்வேடுகளைச் சேமிப்பதற்கு உரியது. கனடாவில் ஜான் வில்லின்ஸ்கி 1998இல் தொடங்கிய பப்ளிக் நாலெட்ஜ் புராஜெக்ட் உருவாக்கிய ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ் (ஓஜேஎஸ்), கட்டுரை வரவு, மதிப்பாய்வு, திருத்தம், வெளியீடு ஆகியவற்றை ஒரே தொடராக ஆக்குகிறது. இது கட்டணமற்ற கட்டற்ற மென்பொருள். ஐஎஸ்எஸ்என் பெற்ற ஓஜேஎஸ் இதழ்களின் படிகளைப் பல இடங்களில் காக்கும் வலையமைப்பும் இதற்கு உண்டு.

தமிழுக்குரிய சிக்கல்கள்

முதலாவது, பெயர். குடும்பப்பெயரைக் கட்டாயமாகக் கேட்ட பழைய பதிப்புகளில், தலைப்பெழுத்தோடு எழுதும் தமிழர் தந்தை பெயரையோ ஊர்ப்பெயரையோ அங்கு இட நேர்ந்தது. ஒருவரே இருவராகப் பதிவாகும் நிலையும் உருவானது. 3.1.2 பதிப்பு இக்கட்டாயத்தை நீக்கியது. இரண்டாவது, எழுத்துரு. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது. எனினும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட பிடிஎஃப் கோப்பு, கண்ணுக்குத் தமிழாகவும் தேடுபொறிக்குப் பொருளற்ற குறிகளாகவும் நிற்கும். இதனை எந்த மென்பொருளும் தானே திருத்தாது.

மென்பொருளின் எல்லை

2025 பிப்ரவரியில் பல்கலைக்கழக மானியக் குழு கேர் பட்டியலைக் கைவிட்டது. இதழின் தரத்தை அறியும் பொறுப்பு ஆய்வாளர்மீதும் கல்வி நிறுவனங்கள்மீதும் விழுந்துள்ளது. ஓஜேஎஸ் தளத்தைக் கண்டதும் நம்பிவிடுவது பிழை. பணம் பெற்று மதிப்பாய்வின்றி வெளியிடுவோரும் அதே மென்பொருளை நிறுவ முடியும். மதிப்பாய்வுக்கு வழி அமைப்பது மென்பொருள். அதில் நேர்மையாக நடப்பது பதிப்பாசிரியர். மேலும், ஓஜேஎஸ்ஸுக்கு வழங்கிக் கட்டணமும் இடையறாத புதுப்பிப்பும் தேவை. தனியொருவர் பராமரிக்கும் தளம் அவர் ஓய்வு பெற்றதும் மறையக்கூடும். அதில் வெளியான கட்டுரையை நேர்காணலில் காட்ட ஆய்வாளரிடம் இணைப்பும் இராது.

முடிவுரை

தமிழ் ஆய்விதழுக்கு ஓஜேஎஸ் பொருத்தமானதே. ஆயினும் ஒருங்குறி மூலம், ஆசிரியர் பெயரின் ஒரே வடிவம், பிறிதோரிடத்தில் காப்புப்படி, பராமரிப்புக்குப் பொறுப்பேற்கும் நிறுவனம் ஆகிய நான்கையும் உறுதிசெய்த பின்னரே அதை நிறுவுதல் வேண்டும். இவையின்றித் தொடங்கும் இதழில் கட்டுரை வெளியாகும், நிலைக்காது.