மரப்புகையை ரசிப்பது எப்படி?

அமெரிக்க தேசத்தில் மாமிசத்தைப் புகையிட்டுப் பக்குவம் செய்யும் வித்தையில் ஊறியவர்களிடம் மின்சாரப் புகைப்பெட்டியைப் பற்றிப் பேச்செடுத்தால், பெரும்பாலும் ஓர் அலட்சியச் சிரிப்பே பதிலாகக் கிடைக்கும். டெக்ஸாஸ் மாகாணத்து லாக்ஹார்ட் போன்ற ஊர்களில், ஓக் கட்டைகளை மணிக்கணக்காக எரியவிட்டு மாட்டு நெஞ்சுக்கறியை நிதானமாக வாட்டி எடுக்கிற சம்பிரதாயத்தில் வளர்ந்தவர்களுக்கு, சுவரிலே பிளக்கைச் செருகி, ஒரு பிடி மரச்சிராயைத் தட்டில் போட்டுவிட்டு வேறு காரியம் பார்க்கப் போகிறவன் சமையற்காரனாகவே தோன்றமாட்டான். ஆயினும், புகை என்னும் வஸ்துவைத் தனியே பிரித்தறிந்து ரசிக்க விரும்புகிறவனுக்கு அந்த எளிய பெட்டியைவிட நல்ல ஆசான் கிடையாது என்பது என் அபிப்பிராயம்.

கட்டையடுப்பில் உஷ்ணமும் மணமும் ஒரே நெருப்பிலிருந்து பிறக்கின்றன. ஒன்றைத் தொட்டால் மற்றொன்றும் அசையும். மின்பெட்டியிலோ, 225 ஃபாரன்ஹீட் டிகிரி, அதாவது நம் கணக்கில் ஏறக்குறைய 107 டிகிரி, என்று குறித்துவிட்டால் சூட்டைக் கம்பிச்சுருள் கவனித்துக்கொள்கிறது. மரம் விறகாயிருக்கும் கடமையிலிருந்து விடுபட்டு, பெருங்காயம்போல ஒரு வாசனைத் திரவியமாகிவிடுகிறது. ஆகவே ஒரே மீனை, ஒரே சூட்டில், ஒருநாள் ஆல்டர் மரத்தின் சிராயிலும் மறுநாள் ஹிக்கரியின் சிராயிலும் புகையிட்டு, இரண்டையும் அருகருகே வைத்து உண்டு பார்க்க முடிகிறது. ரசனையின் முதற்பாடம் அதுவே.

முதலில் கண்ணால் ரசிக்க வேண்டும். சிராய் சூடேறத் தொடங்கியதும் பெட்டியின் மேல்துவாரத்திலிருந்து வெள்ளை வெளேரென்று பொங்கி வருகிற புகையைக் கண்டு புதியவர்கள் மகிழ்ந்துபோகிறார்கள்; அதுதான் கறியைக் கசக்கவைக்கும் புகை. சற்றுப் பொறுத்து, வெயிலுக்கு எதிரே நின்று உற்றுப் பார்த்தாலன்றித் தெரியாத மெல்லிய நீலச்சாயலாக அது மாறும்போது, துகள்கள் மிக நுண்ணியவையாகிவிட்டன என்று அறிந்துகொள்ளலாம். அந்தத் துவாரத்தை மூடிப் புகையைச் சிறைப்படுத்த நினைப்பது பேராசை.

பிறகு நாசிக்கு வேலை. மரத்தின் செல்லுலோஸும் ஹெமிசெல்லுலோஸும் கருகும்போது வெல்லப்பாகை நினைவூட்டும் இனிய மணங்கள் எழுகின்றன; லிக்னின் என்னும் பகுதி சிதையும்போது பிறக்கும் குவையக்காலும் சிரிங்காலுமே நாம் ‘புகை மணம்’ என்று பொதுவாகச் சொல்வதற்கு மூலாதாரம். சிராய் சுடர்விட்டு எரிந்துவிட்டால் இந்தச் சூட்சுமமான வாசனைகள் அழிந்துபோகும். அது கனன்றுகொண்டே இருப்பதில்தான் விஷயம் இருக்கிறது. இதற்காகச் சிராயை நீரில் ஊறவைப்போர் உண்டு. நீர் முழுவதும் ஆவியாகித் தீரும்வரை மரம் 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. அதுவரை வெளிவருவது வெறும் நீராவி. எனவே அந்த வழக்கத்தில் எனக்கு நம்பிக்கையில்லை.

மரங்களின் ஸ்வபாவத்தைச் சொல்லப் புகுந்தால் பொழுது போவதே தெரியாது. ஆரிகன், வாஷிங்டன் மாகாணங்களின் கடற்கரையோரப் பூர்வகுடிகள் சால்மன் மீனுக்கு ஆல்டர் மரத்தையே தேர்ந்துகொண்டார்கள். மீனின் இனிமையை மறைக்காமல் பின்னணியில் நிற்கும் புகை அது. ஆப்பிள் மரத்தின் புகை சாதுவானது. கோழிக்கும் பன்றிக்கும் ஏற்றது. ஹிக்கரியோ உரத்த குரல். பன்றித் தோள்கறியின் கொழுப்போடு மல்லுக்கு நிற்கும் வலிமை அதற்கு உண்டு. இவை எல்லாவற்றிலும் முரடு மெஸ்கீட். இரண்டு பிடிக்குமேல் போட்டால் மண்ணும் காரமும் கலந்த ஒரு நெடி நாவிலே தங்கிவிடும். இந்த மெஸ்கீட் நமக்கு அந்நியமன்று. ராமநாதபுரம் சீமையைக் கவ்விக்கொண்டிருக்கும் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. அங்கே அதை மூட்டம் போட்டுக் கரியாக்கும்போது, டெக்ஸாஸ்காரன் எந்தப் புகைக்காக அந்த மரத்தைப் போற்றுகிறானோ அந்தப் புகை முழுவதையும் ஆகாயத்துக்குத் தானம் செய்துவிட்டு, மணமற்ற எஞ்சிய பாகத்தை மூட்டை கட்டி விற்கிறோம்! பைன் முதலிய பிசின் மரங்களைப் பொதுவாக விலக்குவார்கள். ஆனால் சீனத்து ஃபூஜியன் மாகாணத்தில் லாப்சாங் சூச்சாங் தேயிலையைப் பைன் புகையில்தான் உலர்த்துகிறார்கள் என்பதால், விதியை ரொம்பவும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

வெட்டிய கறியின் ஓரத்தில் ரோஜா நிறத்தில் ஒரு வளையம் தென்படவில்லையே என்று மின்பெட்டிக்காரர்கள் ஏங்குவதுண்டு. எரியும் நெருப்பிலிருந்து வருகிற நைட்ரிக் ஆக்ஸைடு, கார்பன் மோனாக்ஸைடு ஆகிய வாயுக்கள் கறியின் மயோகுளோபினோடு சேர்ந்து உண்டாக்கும் நிறம் அது. அதற்குச் சுவை கிடையாது. ஏங்குவானேன்?

காலத்தையும் அறிந்து ரசிக்க வேண்டும். குளிர்ந்து, ஈரப்பசையோடு இருக்கும் மேற்பரப்பிலேதான் புகை நன்றாகப் படிகிறது. உப்புநீரில் ஊறிய சால்மனைச் சற்று நேரம் காற்றாட வைத்து, மேலே பிசுபிசுப்பான மெல்லிய படலம் கட்டியபின் உள்ளே வைப்பது அதனால்தான். பெட்டியும் தொடக்கத்தில் ஜில்லென்றிருப்பதால் கம்பிச்சுருள் ஓயாமல் தணல்போல் ஜொலிக்கும். சிராய் செழிப்பாகப் புகையும். குறித்த சூட்டை எட்டியதும் மின்னோட்டம் தானே நின்று நின்று வரும், புகையும் நலிந்துபோகும். அப்போது பதறிப்போய்ச் சிராயை அள்ளிக் கொட்டுவது அனாவசியம். நல்ல புகை முதல் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் தன் காரியத்தைப் பெரும்பாலும் முடித்திருக்கும்.

பாலாடைக்கட்டியைப் புகையிடுகிறவர்களுக்கு மாத்திரம் ஒரு வார்த்தை. சூடு 30 டிகிரியைத் தாண்டாமல், பெட்டியின் பிரதான வெப்பத்தை நிறுத்திவிட்டுத் தனித்தட்டில் சிராயைக் கனலவைத்துப் புகையிட்ட செடார் கட்டியை அன்றைக்கே ருசி பார்த்தால், சாம்பல்கிண்ணத்தை நக்கியதுபோல் முகம் சுளிக்க நேரும்; எத்தனையோ நல்ல கட்டிகள் இப்படி அவசரப்பட்டுக் குப்பைக்குப் போயிருக்கின்றன. காகிதத்தில் சுற்றிக் குளிர்பெட்டியில் இரண்டு வாரம் வைத்திருந்தால், மேற்பரப்பில் நின்ற காரம் தணிந்து மணம் உள்ளே பரவிவிடும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் சற்றுப் பின்தட்டில் ஒளித்துவைப்பது உசிதம்.