காதுக்குள் அடைபட்ட மொழி: ராமேஸ்வரம் கரையிலிருந்து சில குறிப்புகள்

'குரலற்றவர்களின் குரல்' என்று தன்னைச் சொல்லிக்கொள்ளாத இயக்கமோ பத்திரிகையோ நம்மிடம் எத்தனை தேறும்? 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்று அரசைத் திட்டாத மேடை எது? நம் முற்போக்குச் சொற்கிடங்கில் காது கேளாதவர் உவமையாக மட்டுமே கிடக்கிறார். இது வெறும் வசைச்சொல் பிரச்சினை இல்லை. கற்பதற்குத் தமிழில் உள்ள பழைய பெயர்களில் ஒன்று கேள்வி. கேட்டு அறிவதும் கேள்வி, எதிர்த்து வினவுவதும் கேள்வி. கேளாதவருக்கு இரண்டுமே கிடையாது என்பது சொல்லின் அடியிலேயே படிந்திருக்கிறது.

தெரிதா பெயரைச் சொல்லிப் பேச்சு/எழுத்து எதிர்வை நம்மவர்கள் ரொம்ப காலம் கட்டவிழ்த்தார்கள். பேச்சே உண்மைக்கு அருகில் இருப்பது, மற்றதெல்லாம் அதன் நகல் என்கிற ஒலிமையவாதத்தை அவர் தத்துவப் பிரதிகளில் தேடினார். அதைத் தீர்மானம் போட்டே வகுப்பறைக்குள் கொண்டுவந்த இடம் ஒன்று உண்டு. 1880இல் மிலானில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, சைகையைத் தள்ளிவிட்டு வாய்ப்பேச்சு வழியாகவே கற்பிக்க வேண்டும் என்றது. பேராளர்கள் 164 பேர். அவர்களில் காது கேளாதவர் ஒரே ஒருவர். அந்தத் தீர்மானத்துக்கு இதே மாநாட்டு வரிசை வருத்தம் தெரிவிக்க 2010 வரை, வான்கூவர் வரை, 130 வருசம் பிடித்தது. பம்பாய், கல்கத்தா, நம்ம பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் தொடங்கிய பள்ளி என்று இந்தியாவின் முதல் பள்ளிகள் எல்லாமே மிலானுக்குப் பிந்தியவை. வாய்ப்பேச்சு முறைதான் நாட்டின் பெரும்பாலான பள்ளிகளில் நெடுங்காலம் அதிகாரபூர்வ முறையாக இருந்தது.

அந்த முறை என்னவென்றால், ஆசிரியரின் உதட்டைப் பார்த்துப் பிள்ளை சொல்லைப் பிடிக்க வேண்டும். தொண்டையதிர்வைக் கையால் தொட்டுத் தொட்டு ஒலியைப் பழக வேண்டும். தமிழை வைத்தே சோதித்துப் பாருங்கள். கண்ணாடி முன்னால் நின்று சத்தமில்லாமல் 'பாடு' என்று சொல்லுங்கள்; பிறகு 'மாடு' என்று சொல்லுங்கள். உதட்டுக்கு ரெண்டும் ஒன்றே. எங்கள் கரையில் பாடு என்றால் வலையில் விழுந்த மீன், அன்றையப் பிழைப்பு. க, ங வாயின் பின்புறம் பிறப்பவை, வெளியே தெரியாது. ல, ள, ழ என்று நாக்கு உள்ளே எங்கே மடிகிறது என்பதை எந்தக் கண் பார்க்கும்? போதாததற்குப் புத்தகத்தில் 'இருக்கிறது', வீட்டில் 'இருக்கு'. பிள்ளையின் பத்து வருசம் இதிலேயே போகும். கணக்கும் வரலாறும் வெளியே காத்துக் கிடக்கும்.

இதற்கிடையில் பிள்ளைகள், ஆசிரியர் தலை மறைந்ததும் விடுதிகளில் கையால் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். மொழி அங்கேதான் வளர்ந்தது. 1970களின் பிற்பகுதியில் மதன் வசிஷ்டாவும் கூட்டாளிகளும் இந்திய நகரங்களின் சைகைகளைத் தொகுத்தார்கள். கராச்சியிலும் தில்லியிலும் ஆராய்ந்த உல்ரிக் ஸேஷன் 2000இல் அதன் இலக்கணத்தை எழுதினார். வட்டாரத்துக்கு வட்டாரம் சொற்கள் மாறும், இலக்கணம் பெரிதாக மாறாது. அந்த மொழியில் கேள்விச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. ஆக அவர்களிடமும் கேள்வி இருக்கிறது.

எல்லாம் பழைய கதை, இப்போது சட்டம் வந்துவிட்டதே என்பார்கள். வந்திருக்கிறது. 2015இல் தில்லியில் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம். 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சைகை மொழி தெரிந்த ஆசிரியர்களை நியமிக்கச் சொல்லி. 2021இல் பத்தாயிரம் சொல் கொண்ட அகராதி. பேச்சால் தெரிவிக்க முடியாத சாட்சிக்கு மொழிபெயர்ப்பாளரையோ சிறப்பு ஆசிரியரையோ நீதிமன்றம் வைத்தே ஆகவேண்டும், வாக்குமூலத்தைக் காணொளியில் பதிய வேண்டும் என்று 2013இல் சாட்சியச் சட்டம் திருத்தப்பட்டது. 2023 செப்டம்பரில் சாரா சன்னி என்கிற காது கேளாத வழக்கறிஞர் மொழிபெயர்ப்பாளர் துணையோடு உச்ச நீதிமன்றத்தில் ஆஜரானார். சும்மா சொல்லக் கூடாது, பெரிய விசயம்தான்.

ஆனால் தில்லியிலிருந்து பாம்பன் பாலம் தாண்டி வந்து பாருங்கள். தீவுக்குள் எனக்குத் தெரிந்த கடலாடி ஒருத்தர், பிறவியிலேயே கேளாதவர். பங்கு பிரித்ததில் தகராறு, அடியும் பட்டிருந்தார். புகார் கொடுக்கப் போன இடத்தில் கூடவே அக்கா. அவர் நாலைந்து நிமிசம் கையாலும் முகத்தாலும் உடம்பாலும் சொன்னார்: எந்த நாள், யார் பிடித்துக்கொண்டார்கள், யார் அடித்தார்கள். "என்னம்மா சொல்றான்?" என்றார் எழுதுகிறவர். "பங்கு சரியாத் தரலையாம் சார்" என்றார் அக்கா. அவ்வளவுதான் காகிதத்தில் ஏறியது. வெளியே வந்ததும் கேட்டேன். "அதெல்லாம் சொன்னாப் பெரச்சினை பெருசாவும் தம்பி. எங்க வீட்டுக்காரரும் அதே போட்டுலதான போறாரு" என்றார். அக்காவைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்தக் காகிதத்தில் இருந்தது அக்காவின் வாக்குமூலம். சொந்தபந்தத்தை மொழிபெயர்ப்பாளராக்குவது செலவில்லாத ஏற்பாடு என்பதால் அலுவலகங்களுக்கு அது வசதி. கேளாத பெண்மீது வீட்டுக்குள்ளேயே வன்முறை நடந்தால் யார் மொழிபெயர்ப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ பயிற்சி பெற்ற ஒருவரை வரவழைத்திருந்தால்? அவருக்கும் பாதிதான் புரிந்திருக்கும். கடலாடி பள்ளிக்குப் போகாதவர். இன்னொரு கேளாதவரோடு சேர்ந்து வளராதவர். அவரிடம் இருப்பது வீட்டுச் சைகை, அந்தத் தெருவும் அந்தப் படகும் சேர்ந்து உண்டாக்கியது. இப்படிப்பட்டவரிடம் பேசத் தேர்ந்தவர்கள், பெரும்பாலும், சைகை மொழியில் ஊறிய கேளாதவர்களே. அவர் வாங்கிக் கேட்கும் மொழிபெயர்ப்பாளரிடம் தர, இவர் அதைத் தமிழாக்க வேண்டும். இரட்டை மொழிபெயர்ப்பு. உலகில் நடைமுறையில் உள்ளதுதான். இங்கே பட்ஜெட்டில் அதற்குத் தலைப்பே இருக்காது.

அரசுக்குச் சைகை தெரியாது என்றும் சொல்ல முடியாது. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுகிறார்களே, அது என்ன? பகலில் கூம்பும் உருளையும், ராத்திரியில் சிவப்பு வெள்ளை விளக்குகள், ஒன்றிலிருந்து பதினொன்று வரை எண்கள். காது கேட்கிறவர்களுக்காகக் கண்ணில் எழுதிய மொழி. எஞ்சின் இரைச்சலில் அணியத்துக்கும் கடைசிக்கும் கையை ஆட்டித்தானே எல்லாருமே பேசுகிறார்கள்! எச்சரிக்கை ஒலிபெருக்கிக்கும் வாக்கிடாக்கிக்கும் மாறிய பிறகு, படகில் மற்றவர்கள் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதே கேளாதவருக்குச் செய்தி. 1974இல் போட்ட கடல் எல்லைக்கோடு அந்தத் தண்ணீரில் எவர் கண்ணுக்கும் தெரியாது. ரோந்துக் கப்பலின் எச்சரிக்கையோ சத்தமாகத்தான் வரும்.

நிகராகுவாவில் 1970களின் கடைசியில் மனாகுவாவின் சிறப்புப் பள்ளியில், பிறகு சாந்தினிஸ்டாக்களின் ஆட்சியில் இன்னும் பெரிய எண்ணிக்கையில், தனித்தனி வீட்டுச் சைகைகளோடு வந்த பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்தார்கள். ஆசிரியர்கள் கற்பித்தது உதட்டுப்பேச்சு. பிள்ளைகளோ விளையாட்டிடத்திலும் பேருந்திலும் புதிதாக ஒரு மொழியையே உண்டாக்கிவிட்டார்கள். சேர்ந்திருந்ததுதான் காரணம். நம்மிடம் இப்போது ஓங்கியிருக்கும் 'உள்ளடக்கிய கல்வி'ச் சொல்லாடல் இதற்கு நேர் எதிராக வேலை செய்கிறது. ஊருக்கு ஒரு கேளாத பிள்ளை, சாதாரண வகுப்பில் கடைசி பெஞ்சு, எப்போதாவது வந்துபோகும் சிறப்பு ஆசிரியர். சாதியால் பிரிக்கப்பட்டவர்களுக்குப் பொதுப்பள்ளி விடுதலை என்பதால், அதே சூத்திரத்தை இங்கேயும் ஒட்டிவிடுகிறோம். இந்தப் பிள்ளைக்குப் பொதுப்பள்ளியில் கிடைப்பது முப்பது பேருக்கு நடுவே தனிமை. (காக்ளியர் கருவியை அரசுக் காப்பீட்டில் பொருத்துகிறார்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உப்புக்காற்றில் அது பழுதானால் மதுரைக்கு ஓட வேண்டியிருக்கும் தாயிடம், 'பிள்ளை முன்னால் கையை ஆட்டாதே' என்றும் சொல்லி அனுப்புகிறவர்கள் மிலானிலேயே நிற்கிறார்கள்.)

தொலைக்காட்சி மூலையில் ஒரு சின்னப் பெட்டியில் மொழிபெயர்ப்பாளர் தெரிகிறார் என்று திருப்திப்படுகிறவர்களுக்கு, 2013 டிசம்பரில் மண்டேலா நினைவுக் கூட்டத்தை ஞாபகப்படுத்தலாம். உலகத் தலைவர்கள் பக்கத்தில் நின்று ஒருவர் கைகளை வீணே ஆட்டிக்கொண்டிருந்தார். கேளாதவர்கள் உடனே கண்டுபிடித்தார்கள். கேட்கிற உலகத்துக்கு அவர் அசைவது போதுமானதாக இருந்தது.

1939இலும் 1965இலும் மொழிக்காக உயிர் விட்டவர்களைக் கொண்டாடும் மாநிலம் இது. எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் சைகை மொழி இல்லை. சேர்க்கச் சொல்லிக் கேளாதவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கோரிக்கை எந்தத் தமிழ் மாநாட்டிலாவது தீர்மானமாக வந்ததா? வரும்போது கூடவே இதையும் கேட்க வேண்டியிருக்கும்: வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று நாலு காற்றுக்கும் இந்தக் கரையின் கேளாத கடலாடிகள் தங்கள் கையில் வைத்திருக்கும் பெயர்களை யார், எப்போது, அவர்களுக்கு என்ன கூலி கொடுத்துப் பதிவு செய்யப்போகிறோம்?