தேவராஜ வழிபாடு: ஓர் ஆராய்ச்சி

கம்போஜ நாட்டிற் சைவம் பரவிய வரலாற்றைக் கூறும் நூல்களில் 'தேவராஜ வழிபாடு' என்றதொரு செய்தி தவறாது இடம்பெறும். அந்நாட்டு மன்னர் தம்மையே கடவுளாக்கிக் குடிகளால் வழிபடப்பெற்றனர் என்பதும், அதற்குச் சைவம் துணைநின்றது என்பதும் அந்நூல்களிற் பலவற்றின் முடிபு. அரசனது நுண்ணிய உயிர்த்தன்மை இலிங்கத்தில் உறைவதாகக் கருதப்பட்டது என்று பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் ஸெதெஸ் எழுதினார். உயிர் ஒருகாலும் இறையாகாது எனக் கொள்ளும் சைவர்க்கு இஃது எளிதிற் கடந்து செல்லத்தக்க செய்தியன்று. ஆகலின் இதன் சான்று ஆராயற்பாலது.

முதன்மைச் சான்றாவது, இன்று தாய்லாந்தின் கீழ்ப்பகுதியிலுள்ள ஸ்டோக் காக் தோம் என்னுமிடத்துக் கல்வெட்டு. சகம் 974, அஃதாவது கி.பி. 1052–53ஐச் சார்ந்த இது, வடமொழியிலும் கெமர் மொழியிலும் பொறிக்கப்பெற்றது. இரண்டாம் ஜயவர்மன் மகேந்திர பருவதத்தில் இருந்தபோது ஹிரண்யதாமன் என்னும் அந்தணன் ஒரு கிரியை நிகழ்த்தினான் என்றும், சிவகைவல்யன் என்னும் புரோகிதனுக்கு நான்கு நூல்களை ஓதுவித்தான் என்றும் அது கூறும். அக்கிரியையின் காலம் கி.பி. 802 என்பது அறிஞர் பலர் கொள்கை. சிவகைவல்யனது பெண்வழி மரபினர் ஏறக்குறைய 250 ஆண்டுகள் இத்தொண்டினை நடத்திவந்தனர்.

இனி, 'தேவராஜன்' என்னும் தொடரை நோக்குவோர், அதனை 'தேவனாகிய ராஜன்' என இருபெயரொட்டாக விரித்தால் அரசனே கடவுளாவன். 'தேவர்களுக்கு ராஜன்' என ஆறாம் வேற்றுமைத் தொகையாக விரித்தால் இறைவனே பொருளாவன். வடமொழித் தொடர் இரண்டிற்கும் இடந்தரும். கெமர்ப் பகுதியோ 'கம்ரதேங் ஜகத் த ராஜ' என்கின்றது. 'அரசனாயுள்ள உலக நாயகன்' என்பது அதன் பொருள். ஈண்டு எழுவாய் நாயகனே. அரசத்தன்மை அவனுக்கு அடை. இறைவன் அரசன் என்பது வேறு, அரசன் இறைவன் என்பது வேறு. ஹெர்மன் குல்கே என்பார் 1978இல் ஆங்கிலத்தில் வெளிவந்த தம் ஆராய்ச்சியில் தேவராஜனைச் சிவபெருமானெனவே கொண்டமை இதற்கு அரணாகும். அன்றியும், அத்திருவுரு அரசர் தலைநகர் மாறுந்தோறும் உடன் கொண்டுசெல்லப்பெற்றது. அரசர் பலர் மாறவும் தான் மாறாது நின்ற ஒன்று, அவ்வரசருள் எவர்தம் உயிராதல் கூடும்?

'இலிங்கங்கட்கு அரசர் தம் பெயரை இட்டனரே' எனின், அதுவும் தடையாகாது. கி.பி. 881இல் பகோங் கோயிலில் இந்திரவர்மன் நிறுவிய இலிங்கம் இந்திரேசுவரம் எனப்பட்டது. தஞ்சையில் முதலாம் இராசராசன் எடுத்த திருக்கோயிலும் இராசராசேசுவரமே. அவ்வேந்தனோ 'சிவபாதசேகரன்' எனத் தன்னை இறைவன் திருவடியைத் தலைமேற் கொண்டவனாகவே கூறிக்கொண்டான். பெயரிடுதல் உரிமையன்பைக் காட்டுமன்றி ஒருமையைக் காட்டாது. இறந்தபின் இந்திரவர்மன் 'ஈசுவரலோகன்' எனவும், இராஜேந்திரவர்மன் 'சிவலோகன்' எனவும் வழங்கப்பெற்றனர். உலகினை அடைந்தோர் அவ்வுலகின் தலைவராகார்.

ஆயினும் இரண்டாம் ஜயவர்மன் இறந்தபின் 'பரமேசுவரன்' எனவே பெயர் பெற்றான். அவன் நினைவாகவும் பிற முன்னோர் நினைவாகவும் பிரஹ் கோ என்னுமிடத்தில் இறைவன் திருவுருவங்கள் அமைந்தன. இதனை மறைத்தல் நேர்மையன்று. எனினும், மேற்பாடியில் அரிஞ்சயனுக்கு இராசராசன் எடுத்த பள்ளிப்படை போல, இறந்தாரை இறைவனோடு சார்த்தி வழிபடும் வழக்கமாகவே இதனைக் கொள்ளல் பொருந்தும். உயிரோடிருந்த அரசனைக் கடவுளென வணங்கியதற்கு இது சான்றாகாது.

இம்மறுப்பினைக் கண்டு மகிழும் அன்பர் சிலர், கம்போஜச் சைவம் நம் சித்தாந்தமே என எதிர்த்திசையில் விரைவர். அதுவும் பிழையே. ஓதுவிக்கப்பெற்ற நூல்கள் வீணாசிகம், நயோத்தரம், ஸம்மோஹம், சிரச்சேதம் என்பன. அவை தும்புருவின் நான்கு முகங்கள் என அக்கல்வெட்டே கூறும். அவை இருபத்தெட்டு ஆகமங்களுள் அடங்கா. வாமதேவ முகத்தைச் சார்ந்த தந்திரங்கள். அவற்றுள் வீணாசிகம் 1985இல் கௌட்ரியான் என்பவராற் பதிப்பிக்கப்பெற்றது. விரும்புவோர் கண்டு தெளியலாம். மெய்கண்டாரோ அக்கல்வெட்டிற்கும் ஏறக்குறைய இரு நூற்றாண்டு பிற்பட்டவர்.

கம்போஜம் ஜாவாவிற்கு அடங்காதிருத்தலும், சக்கரவர்த்தி ஒருவனே விளங்குதலுமே அக்கிரியையின் பயனெனக் கல்வெட்டுக் கூறும். ஆகவே அது வெற்றி வேண்டிய காமியக் கிரியை, வீடு கருதியதன்று. அங்கே அரசன் இறைவனாகவில்லை. இறைவனிடத்து அரசு வேண்டினான். ஆராய்ச்சியாளர் சைவத்தின்மேல் ஏற்றிய பழி இதனால் நீங்கும். ஆனால், பயன் கருதும் வழிபாட்டின் சிறுமை நீங்காது. அக்குறை கம்போஜர்க்கு மட்டும் உரியதன்று என்பதை அன்பர் உளங்கொள்வாராக.